பேச்சியக்கா பின்னால் நடந்த கம்ப்யூட்டர்

புதிதாக வந்திருக்கும் இசை சாஃப்ட்வேர் ஒன்றில் ஒரு வசதி இருக்கிறது. பக்கவாத்தியம் இல்லாமல் தனியாகப் பாடின குரலைக் கொடுத்தால் போதும். பாடினவர் எங்கே வேகம் எடுத்தார், எங்கே மெதுவாக வந்தார் என்று அதுவே கண்டுபிடித்துவிடும். பிறகு தபேலா, கீபோர்டு எல்லாம் அந்தக் குரலுக்குப் பின்னாலேயே போகும். இராஜபாளையத்தில் வீட்டு மாடியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் இரண்டு பேர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. நல்ல வசதி.

"அண்ணாச்சி, இதெல்லாம் ஒங்க காலத்துல ஏது?" என்றார் ஒருவர்.

"இருந்துச்சு."

"எந்த சாஃப்ட்வேருல?"

"எங்க டீச்சர்கிட்ட."

அதை எழுதிக் கொடுங்கள், ஒலிப்பதிவாளர் சங்க மலரில் போடலாம் என்றார்கள். நான் எட்டாவது வரை போனவன். எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

முதலில் மைக் செட் வேலை பார்த்தேன். எண்பதுகளின் தொடக்கம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடை. மரத்தில் ஏறிக் குழாய் கட்டுவது, வயர் இழுப்பது, ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் காவல் இருப்பது. கல்யாணம், சடங்கு, கட்சிக் கூட்டம் எல்லாம் பார்த்தேன். மைக் ஊளையிடாமல் வைக்கக் கற்றுக்கொண்டேன். வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஒரு முறை இராஜபாளையத்தில் சர்ச்சில் அசனப் பண்டிகை என்னும் ஊர் விருந்துக்கு மைக் கட்டினேன். பாடகர் குழு பாடி முடித்ததும் ஆர்கன் வாசித்த அம்மா நேராக என்னிடம் வந்தார். வெள்ளைச் சேலை, கண்ணாடி. அவர்தான் ரூபி டீச்சர். பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்து, வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே ஸ்டூடியோ வைத்திருந்தவர். அது அப்போது எனக்குத் தெரியாது.

"மைக்கை நடுவுல வைக்காம ஏன் ஓரத்துல வச்சீரு?"

"அந்த ஓரத்துல நிக்கிற அக்காவுக்குக் குரல் கம்மி. நடுவுல நிக்கிறவிய எங்க நின்னாலும் கேப்பாவ."

டீச்சர் பெயரைக் கேட்டார், முத்து என்றேன். "திங்கக்கிழமை வீட்டுக்கு வாரும்" என்றார். போனேன். ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்துவிட்டேன்.

வீட்டின் பின்கட்டு அறைதான் ஸ்டூடியோ. சுவர் முழுக்க மில் கழிவுப் பஞ்சை அடைத்து, அதன்மேல் பேண்டேஜ் துணியை இழுத்து ஆணி அடித்திருந்தார். உள்ளே போனால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். பாட வந்தவர்கள் முதலில் பயப்படுவார்கள். நடுவில் ஒரு கண்ணாடி. இந்தப் பக்கம் மிக்ஸர், நாலு டிராக் கேசட் மெஷின், கீபோர்டு. அவ்வளவுதான். மெஷினில் ஒரே கேசட்டில் நாலு தடவை தனித்தனியாகப் பதியலாம். குரல் ஒன்று, தாளம் ஒன்று, கீபோர்டு இரண்டு. அதற்குமேல் இடம் இல்லை. அந்த நாலுக்குள் டீச்சர் கல்யாண மண்டபத்தையே கொண்டுவருவார்.

தெருவில் இரண்டு பக்கமும் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள். காலையிலிருந்து இரைச்சல். பஞ்சுச் சுவர் பாதியைத்தான் நிறுத்தும். அதனால் பகல் சாப்பாட்டு நேரத்தில் தறி நிற்கும்போதுதான் குரல் பதிவு. தெரு சாப்பிடும், நாங்கள் பதிவோம். பாடினால்தான் சாப்பாடு என்று வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவோம்.

டீச்சரிடம் நான் வியந்த பழக்கம் ஒன்று உண்டு. யார் பாடினாலும் நடுவில் நிறுத்த மாட்டார். சுருதி விலகினாலும், வரி மறந்தாலும், கடைசி வரை பாட விடுவார். முடிந்ததும் "தண்ணி குடிங்க" என்றால் இன்னொரு தடவை பாட வேண்டும் என்று பொருள். "சாப்பிடுவோம்" என்றால் ஆயிற்று. வேறு விமரிசனம் கிடையாது. அழுதவர்களுக்கும் தண்ணீர்தான், அலட்டிக்கொண்டவர்களுக்கும் தண்ணீர்தான். ஒரு கட்சிப் பேச்சாளர் தேர்தலுக்குக் கேசட் பேச வந்து சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துவிட்டு, "யம்மா, இதுக்கு நான் குற்றாலத்துக்கே போயிருப்பேன்" என்றார். டீச்சர் சிரித்தார். பிறகு, "தண்ணி குடிங்க" என்றார்.

ஒரு நாள் ஏன் நடுவில் நிறுத்துவதில்லை என்று கேட்டேன். "பாதியில நிறுத்துனா அவிய தப்பை மட்டும்தான் ஞாபகம் வச்சிருப்பாவ. முடிச்சாத்தான் பாட்டு ஞாபகம் இருக்கும்" என்றார்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் நாலு டிராக் மெஷின் தேய்ந்துவிட்டது. இரண்டு டிராக்கில் சத்தமே ஏறவில்லை. டேப்பில் பதியும் ஹெட் புதிதாக எங்கேயும் கிடைக்கவில்லை. டீச்சர் மதுரைக்குப் போய்வந்து, கம்ப்யூட்டர் வாங்கப்போகிறேன் என்றார். அப்போது அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஊரில் வேறு யாரும் அதில் பாட்டுப் பதிந்து நான் கேள்விப்படவில்லை.

மதுரையிலிருந்து பிரேம் என்று ஒரு தம்பி பஸ்ஸில் பெட்டிகளோடு வந்து இறங்கினார். எல்லாவற்றையும் மாட்டினார். சாஃப்ட்வேரைப் போட்டு, குரலை எப்படிப் பதிவது, கீபோர்டை எப்படிச் சேர்ப்பது, எப்படி சேவ் செய்வது என்று காட்டினார். நாலு டிராக் போய் அதற்கு மேல் எத்தனையோ வந்துவிட்டது. தப்பாக வாசித்த ஒரு சுரத்தை மட்டும் இழுத்து சரி பண்ணலாம். டீச்சர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் உட்கார்ந்த பிள்ளை மாதிரி இருந்தார். பிரேம் சொன்னதைத் திரும்பச் சொல்லிக் காட்டினார். "நான் சொல்லுதது சரியா தம்பி?" என்று கேட்டு, சரி என்ற பிறகுதான் அடுத்ததற்குப் போனார். அந்த வயதில் தன் பாதி வயசுக்காரரிடம் அப்படி உட்கார எல்லாருக்கும் வராது.

அதில் ஒரு சங்கடம் இருந்தது. கம்ப்யூட்டர் தன் வேகத்தில் டிக் டிக் என்று ஒரு கணக்குச் சத்தம் கொடுக்கும். அதைக் காதில் கேட்டுக்கொண்டுதான் பாட வேண்டும். அதற்குக் கிளிக் என்று பெயர். பாடுகிறவர் அதைவிட்டு விலகினால் தபேலாவும் கீபோர்டும் குரலோடு சேராது.

அந்தச் சமயத்தில்தான் பேச்சியக்கா வேலை வந்தது.

பேச்சியம்மாள் எங்கள் தெருவில் பேண்டேஜ் சுற்றும் வேலை பார்த்தவர். பக்கத்துச் சோழபுரத்துக்காரர். நாற்பது வயது இருக்கும். அவர் கும்மிப் பாட்டுக் கட்டிப் பாடுவதை ஸ்ரீவில்லிபுத்தூரில் கேசட் கடை வைத்திருந்த சாகுல் பாய் ஒரு கல்யாணத்தில் கேட்டிருக்கிறார். ஆடிப்பூரத் தேருக்கு விற்கிற மாதிரி அவர் பாட்டுகளை ஒரு கேசட்டாகப் போடலாம் என்று டீச்சரிடம் அழைத்து வந்தார்.

பேச்சியக்கா வந்த முதல் நாளே டீச்சரிடம் சொல்லிவிட்டார்.

"டீச்சர், கழுத்துல கட்டி இருக்கு. சித்திரை முடியவும் மதுரையில ஆப்ரேசன். டாக்டரு, குரல் மாறினாலும் மாறும்னு சொல்லிட்டாரு. அதுக்கு முந்தி பிடிச்சு வச்சிருங்க."

"எதுக்கு பேச்சி, பயப்படுதியா?"

"பயம் என்ன பயம். குரல் போனா சண்டை போட முடியாது, அதான் கவலை. ஆனா நா பாடுனேன்னு ஒண்ணு இருக்கணும்ல டீச்சர். பேண்டேஜ் சுத்துனது எவன் பாக்கப்போறான்? கட்டு ஆறுனா அவுத்துத் தூரப் போட்டுருவான்."

டீச்சர் மைக்கைக் கொண்டுவந்து பேச்சியக்கா உயரத்துக்கு வைத்தார்.

முதலில் மாதிரிக்காகப் பாட வைத்தார். டீச்சர் எப்போதும் அப்படித்தான். பாட்டைத் தனியாகப் பதிந்து வைத்துக்கொண்டு, கேட்டுக் கேட்டு அதற்கு இசை அமைப்பார். பழைய மெஷினில் மிஞ்சியிருந்த இரண்டு டிராக்கில் ஒன்றில் குரலும் இன்னொன்றில் கைத்தட்டலும் ஏற்றினேன். பேச்சியக்கா கொட்டாமல் பாட மாட்டார். நின்றபடி, கொட்டியபடி, ஆறு பாட்டையும் சில நாள் சாப்பாட்டு நேரங்களில் பாடி முடித்தார். டீச்சர் அதைக் கேட்டு, கம்ப்யூட்டரில் தபேலாவும் புல்லாங்குழலும் கீபோர்டில் வாசித்துச் சேர்த்தார். எல்லாம் கிளிக் கணக்கில், ஒரே வேகத்தில்.

சித்திரைக் கடைசியில் தெருக் கோயில் பொங்கல் வந்தது. தறிகள் நின்றன. முழுப் பகலும் எங்களுக்குக் கிடைத்தது. மறுநாள் காலை ரயிலில் பேச்சியக்கா மதுரை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அன்றே ஆறு பாட்டையும் முடித்துவிட வேண்டும்.

ஹெட்போன் வயர் குட்டை. அதனால் அசையாமல் நின்று பாடினார். கிளிக் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

"டீச்சர், இது யாரோ பக்கத்துல நின்னு விறகு வெட்டுதான்."

"அவன் வெட்டட்டும். நீ பாடு."

நிறையத் தண்ணீர் குடித்தார். ஆனாலும் பிடித்துவிட்டார். ஒவ்வொரு பாட்டாக, ஒன்றன்பின் ஒன்றாக, டேப்பில் ஏற்றுவது மாதிரியே ஒரே வரிசையில் ஏற்றிக்கொண்டு போனோம். பாட்டு முடிந்ததும் ஸ்டாப் அமுக்குவேன். அடுத்தது தொடங்கும். கடைசிப் பாட்டு முடியும்போது மேற்கு மலைப் பக்கம் கறுத்து இடி இறங்கியது. டீச்சர் எழுந்து போய் மெயின் சுவிட்சை அமத்தினார். மின்னல் வந்தால் மெயினை அமத்துவது அந்த வீட்டு வழக்கம். பத்து வருஷத்துக்கு மேலாக அப்படித்தான். ஒரு மெஷினும் புகைந்ததில்லை.

திரை இருண்டது. நாங்கள் ஒருவரும் அதைப் பற்றி நினைக்கவில்லை. டேப்பில் கரண்ட் போனால் டேப் நிற்கும், பதிந்தது பதிந்ததுதான்.

"சாப்பிடுவோம்" என்றார் டீச்சர்.

"ஆறு பாட்டு பாடியிருக்கேன். ரசம் மட்டும் ஊத்தி ஏமாத்திராதிய" என்றார் பேச்சியக்கா. நன்றாகச் சாப்பிட்டோம். மழையும் நன்றாகப் பெய்தது.

மழை விட்டதும் மெயினைப் போட்டோம். கம்ப்யூட்டர் எழுந்தது. டீச்சர் சாஃப்ட்வேரைத் திறந்தார். இசை இருந்தது. அது முந்தின வாரம் பிரேம் வந்தபோது சேவ் செய்தது. குரல் வரிசையில் ஒன்றும் இல்லை. மூடித் திறந்தார். இல்லை. பிரேமுக்குப் போன் செய்தார். வாசலில் நின்ற எனக்கும் அந்தப் பக்கத்துக் குரல் கேட்டது.

"சேவ் பண்ணீங்களா டீச்சர்?"

"ஸ்டாப் அமுக்குனோம்."

பிரேம் ஏதேதோ தேடச் சொன்னார். தேடினோம். கிடைக்கவில்லை.

நான் பல பேரிடம் வேலை பார்த்தவன். ஆம்ப்ளிஃபயர் புகைந்தால் முதலாளி கரண்டைத் திட்டுவார், கம்பெனியைத் திட்டுவார், என்னைத் திட்டுவார். டீச்சர் போனை வைத்துவிட்டு நேராகப் பேச்சியக்கா முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"பேச்சி, நீ பாடுனது போச்சு. மெயினை அமத்துனது நான். சேவ் பண்ணணும்னு அந்தத் தம்பி சொல்லிட்டுத்தான் போனாரு. எனக்குத் தோணல."

"ஆறுமா?"

"ஆறும்."

பேச்சியக்கா எழுந்து மைக் முன்னால் போனார். முதல் பாட்டை எடுத்தார். முதல் வரியிலேயே குரல் பிசிறியது. காலையிலிருந்து பாடின தொண்டை, கட்டி இருக்கிற தொண்டை. மறுபடி எடுத்தார். காற்றுதான் வந்தது. டீச்சர் நடுவில் நிறுத்தி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"போதும். தொண்டையை ஆஸ்பத்திரிக்கு வச்சிரு."

பேச்சியக்கா ஹெட்போனைக் கழற்றினார். "விடுங்க டீச்சர். டேப்புன்னா சுத்துறது கண்ணுக்குத் தெரியும். இதுல என்ன சுத்துதுன்னு யாரு கண்டா" என்றார். மறுநாள் ரயில் ஏறிவிட்டார்.

ஆப்ரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி கெட்ட கட்டி இல்லை. ஆனால் டாக்டர் சொன்னபடி ஆகிவிட்டது. ஊர் திரும்பி எங்களைப் பார்க்க வந்தபோது குரல் இறங்கி, மரத்தில் உப்புத்தாள் உரசுகிற மாதிரி இருந்தது. மேல் சுரம் எதுவும் நிற்கவில்லை.

சாகுல் பாய் வந்தார். நல்ல மனிதர். பேச்சியக்காவுக்கு ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். அதைக் கொடுத்துவிட்டு, அக்கா எழுந்து போன பிறகு டீச்சரிடம் மெதுவாகப் பேசினார்.

"டீச்சரம்மா, தேர் கிட்ட வந்துருச்சு. மதுரையில ஒரு பொண்ணு இருக்கு. கிளிக் போட்டா பிசகாம பாடும். ஒரே நாள்ல முடிஞ்சுரும். எழுதுனது பேச்சியம்மாள்னு அட்டையில போட்டுருவோம். பாட்டு ஊருக்குப் போகணும்ல?"

"பாட்டு போகும் பாய். பேச்சி போக மாட்டாளே."

"அதுக்கு என்ன செய்ய முடியும்? குரல் இல்லையே."

"இருக்கு" என்றார் டீச்சர். "முத்து, மாதிரிக்குப் பதிஞ்ச கேசட்டைப் போடு."

போட்டேன். பேச்சியக்கா கொட்டிக்கொண்டு பாடியது ஓடியது. டேப் இரைச்சல் கொஞ்சம் இருந்தது. குரல் சுத்தம்.

பாய் கடைசி வரை கேட்டார். "இதுக்கு மியூசிக் சேருமா?"

"சேராது. இவ ஒரு வேகம், அது ஒரு வேகம்."

"பொறவு?"

"எனக்குக் கொஞ்சம் நாள் குடுங்க."

பாய் யோசித்தார். நோன்பு நேரத்தில் கூடத் தொழில் பேச்சில் விட்டுக்கொடுக்காதவர் அவர். கேசட்டை மறுபடி போடச் சொன்னார். கேட்டுவிட்டு, "ஆடி பொறக்கவும் வாரேன்" என்று எழுந்துபோனார்.

டீச்சர் பிரேமைக் கூப்பிட்டார். பேசினதை இங்கே சொல்ல வேண்டும்.

"தம்பி, கிளிக் இல்லாம பாடுன குரல் இருக்கு. நாம போட்ட மியூசிக் அதோட சேரணும்."

"சேராது டீச்சர். பாடுறவங்களைக் கிளிக்குக்கு வரச் சொல்லுங்க."

"பாடுனவிய வர முடியாது. கிளிக்கைத்தான் வரச் சொல்லணும்."

பிரேம் சிரித்துவிட்டார். சிரித்து முடித்து, "இருங்க டீச்சர், அதுக்கு ஒரு பக்கம் இருக்கு" என்றார். அந்த சாஃப்ட்வேரில் ஒவ்வொரு தாளக் கட்டத்துக்கும் தனியாக வேகத்தை எழுதுகிற இடம் ஒன்று இருந்தது. அதை யாரும் அப்படி ஒரு வேலைக்குத் தொட்டு அவர் பார்த்ததில்லை. போனிலேயே வழி சொன்னார். டீச்சர் திரும்பச் சொல்லிக் காட்டினார். "நான் சொல்லுதது சரியா தம்பி?"

மறுநாள் தொடங்கினோம். முதலில் பழைய மெஷினிலிருந்து குரலையும் கைத்தட்டலையும் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினேன். பிறகு குரலை ஓடவிட்டு, பேச்சியக்கா கை கொட்டும் ஒவ்வொரு இடத்திலும் டீச்சர் கீபோர்டில் ஒரு கட்டையைத் தட்டினார். தட்டின இடமெல்லாம் திரையில் புள்ளியாக விழுந்தது. அடுத்த புள்ளி கட்டத்தின் கோட்டுக்கு முன்னால் விழுந்தால் வேகத்தைக் கூட்டி எழுத வேண்டும், பின்னால் விழுந்தால் குறைத்து எழுத வேண்டும். எழுதினதும் கோடு நகர்ந்து புள்ளிமேல் வந்து உட்காரும். அடுத்த கட்டம். அதுவும் உட்கார்ந்தால் அதற்கடுத்தது. ஒரு கட்டம் பிசகினால் அதன் பிறகு வருவதெல்லாம் பிசகும். திரும்பிப் போய்த் தொடங்க வேண்டும். ஒரு பாட்டுக்கு எத்தனை கட்டம் என்று நான் எண்ணவில்லை. டீச்சரும் எண்ணவில்லை.

என் வேலையை முதலிலேயே சொல்லிவிட்டார்.

"ஏல முத்து, நான் என்ன செஞ்சாலும் செய்யாட்டாலும் நீ சேவ் அமுக்கிட்டே இரு."

"இப்பதான் அமுக்குனேன் டீச்சர்."

"பொறவும் அமுக்கு. அது என்ன தேயவா போகுது?"

வானம் கறுத்தால் அவரே என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் அமுக்கிவிட்டேன் என்று தலையாட்டிய பிறகுதான் மெயினுக்குப் போவார்.

முதல் பாட்டில் ஒரு இடம் மல்லுக்கட்டியது. 'மேற்கு மலையில மேகம் எறங்குது, மேலத்தெருப் பொண்ணே வாடி' என்று ஒரு வரி. 'எறங்குது' வரும்போது வேகம் விழுந்தது. தன் கைதான் தாமதமாகத் தட்டிவிட்டது என்று டீச்சர் நினைத்தார். அந்தக் கட்டத்தை மற்ற கட்டங்களோடு சமமாக்கினார். ஓடவிட்டோம். அந்த இடத்தில் தபேலா முன்னால் போய்விட்டது, குரல் பின்னால் நின்றது. படியில் கால் தவறின மாதிரி இருந்தது. மறுபடி தட்டினார். மறுபடியும் அதே இடத்தில் விழுந்தது. அடுத்த அடியைப் பார்த்தார். அங்கேயும் அதே இடம். அதற்கடுத்த அடியிலும்.

வேகத்தைக் கோடாக வரைந்து காட்டும் ஒரு திரை உண்டு. அதைத் திறந்தார். கோடு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிக்கொண்டு போனது, கும்மி அப்படித்தான் சூடேறும். ஆனால் ஒவ்வொரு அடியிலும் ஒரு பள்ளம் இருந்தது. எல்லாம் ஒரே அளவில், ஒரே இடத்தில்.

டீச்சர் அதையே பார்த்துக்கொண்டு இருந்தார். "இது பிசகு இல்ல" என்றார். "பேச்சியைக் கூட்டிட்டு வா."

பேச்சியக்கா பேண்டேஜ் தூசியோடு வந்தார். கழுத்தில் தையல் தழும்பு புதிதாக இருந்தது. டீச்சர் திரையில் பள்ளங்களைக் காட்டினார்.

"இந்த எடத்துல என்ன செய்யுத, பேச்சி?"

பேச்சியக்காவுக்கு அந்தக் கோடு புரியவில்லை. பாட்டைப் போட்டுக் காட்டினேன். கேட்டதும் சிரித்தார்.

"அது குனியுற எடம் டீச்சர். எல்லாரும் உள்ள பாத்துக் குனிஞ்சு கொட்டிட்டு நிமிரணும். குனியுறதுக்கு நேரம் வேணாமா? பெரிய மனுசிகளும் வட்டத்துல இருப்பாவள்ல."

"அன்னைக்கு நீ தனியாத்தான நின்ன?"

"தனியா நின்னா? குனியாம எப்படிப் பாடுறது?"

எழுந்து நின்று செய்து காட்டினார். குரல் காற்றாக வந்தது. கை கொட்டியது, உடம்பு இறங்கி ஏறியது. திரையில் கோடு இறங்கி ஏறிய அதே இடம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து எத்தனையோ பாட்டுப் பதிந்திருக்கிறேன். ஆளின் இடுப்பு அசைந்ததை மெஷின் எழுதி வைத்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

டீச்சர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். அதன்பிறகு ஒரு பள்ளத்தையும் நிரவவில்லை. தபேலாவையும் புல்லாங்குழலையும் அந்தப் பள்ளத்தில் இறக்கி ஏற்றினார். பேச்சியக்கா மூச்சு வாங்கின இடத்தில் புல்லாங்குழலும் காத்திருந்தது. கடைசி அடியில் அவர் ஓடினால் தபேலாவும் கூட ஓடியது. ஒரே வேகத்தில் போட்டிருந்த பழைய இசையில் பாதியை அழித்துவிட்டுப் புதிதாக வாசித்தார். அழித்ததற்கு வருத்தப்படவில்லை.

அன்று கரண்டில் போன ஆறு பாட்டும் கணக்குக்கு இதைவிடச் சுத்தமாக இருந்தன. நான் கேட்டவன். போனதே நல்லது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். போனது போனதுதான். ஆனால் அதில் பேச்சியக்கா அசையாமல் நின்றிருந்தார். இதில் அசைந்தார்.

ஆடி பிறந்ததும் பாய் வந்தார். கேட்டார். முடிந்ததும், "மதுரைப் பொண்ணுக்கு வேற பாட்டு பாத்துக்கிடுவோம்" என்றார். அட்டையில் 'பாடியவர் பேச்சியம்மாள்' என்று மேலே பெரிதாகப் போடச் சொன்னார் டீச்சர். தன் பெயரைச் சின்னதாகக் கூடப் போடவில்லை. பிரேம் பெயர் இருந்தது.

தேர் அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். டீச்சர், பேச்சியக்கா, நான். டவுன் பஸ்ஸில் நிற்கத்தான் இடம். பாய் கடை தேர் போகும் வழிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. வாசலில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டி வைத்துப் பேச்சியக்கா பாட்டைத்தான் போட்டிருந்தார். கூட்டம், கொட்டுச் சத்தம், பலூன் ஊதல். அதற்கு நடுவிலும் குரல் தனியாகக் கேட்டது.

பேச்சியக்கா பெட்டிக்கு நேராகப் போய் நின்றார். உள்ளே யாரோ இருக்கிற மாதிரி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. டீச்சர் அவர் பக்கம் போகவில்லை. என்னையும் போக விடவில்லை.

பக்கத்து ஊர் வ. புதுப்பட்டியிலிருந்து வந்தவர்கள் போல, கூடை வைத்துக்கொண்டு நாலைந்து பெண்கள் கடை முன்னால் நின்றார்கள். அதில் ஒருத்தி கேட்டாள்.

"பாய், இது யாரு பாடுனது?"

பாய் வாயைத் திறக்குமுன் பேச்சியக்கா திரும்பினார். "நாந்தான்."

அந்தப் பெண் ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களா? ஒங்க குரல் அப்படி இல்லையே. சும்மா சொல்லாதிய."

"இப்ப இல்ல. கழுத்துல ஆப்ரேசன். இது அதுக்கு முந்திப் பாடுனது."

அந்தப் பெண் கிட்ட வந்து தழும்பைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். பாட்டு முடிகிற இடத்தில் இருந்தது. கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

"ஏட்டி, அங்க எங்க போறிய? இங்க வாங்க. இந்த அக்கா பாடுனதாம். பாய், முதல்ல இருந்து போடுங்க."

பாய் கேசட்டைச் சுற்றினார். பாட்டு மறுபடி தொடங்கியது. இந்தத் தடவை பேச்சியக்கா பெட்டியைப் பார்க்கவில்லை. அதற்கு முதுகைக் காட்டி, கேட்கிறவர்கள் பக்கம் திரும்பி நின்றார்.